மணவயதும் மானுட உரிமையும்

நுழையும்முன்

மணம் என்பது இருவர் அறிந்து ஏற்கும் உறவு. அறிந்து ஏற்கும் வயதை எட்டாத ஒருவருக்கு மாலை சூட்டினால் அதனை மணம் எனக் கூற இயலுமா? இவ்வினா நம் நாட்டின் நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் இல்லங்களிலும் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுந்துவந்துள்ளது. அதற்கு விடையாகப் பிறந்த சட்டங்களின் வரலாற்றையும், அச்சட்டம் ஒரு கோயில் நகரத்தின் மணப்பந்தல்வரை வந்துசேரும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அம்மையப்பரும் வெற்று இருக்கையும்

திருக்கார்த்திகைத் திருநாளின் மாலைப்பொழுது. திருவண்ணாமலைக் கோயிலில் கூடியிருக்கும் மக்கள் திரள் ஒரு காட்சிக்காகக் காத்திருக்கிறது. அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளிச் சில நிமிடங்களே காட்சி தந்து மீள்கிறார். அவ்வேளையில் மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. இறைவன் தன் உடலில் பாதியை உமையம்மைக்கு வழங்கினான் என்பது அவ்வூரின் தலபுராணம். ஆணுக்குப் பெண் நிகர் என்பதை இதனினும் எளிதாக உணர்த்தும் வடிவம் வேறில்லை.

அதே நகரில் முகூர்த்த நாள்களில் மணவிழாக்கள் மிகுதி. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் சவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்தும் மணவீட்டார் வந்துசேர்வர். மேளமும் மாலையும் விருந்துமாக ஊர் மகிழும். அம்மகிழ்ச்சிக்கிடையே எப்போதாவது ஒரு மணப்பெண்ணின் வயது மட்டும் யாராலும் உரக்கச் சொல்லப்படுவதில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பதினொன்றாம் வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கிறது. “அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது” என்று அருகிலிருப்பவள் தாழ்ந்த குரலில் கூறுகிறாள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படுகிறது. ஒரு வாழ்க்கையின் திசை மாறிவிட்ட செய்தி அந்த ஒற்றைக் கோட்டில் அடங்கிவிடுகிறது.

குழந்தைத் திருமணம் என்பது யாது?

இந்தியச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைவடைந்திருத்தல் வேண்டும். மணமக்களுள் ஒருவர் அவ்வயதை எட்டாதவராக இருப்பினும் அது குழந்தைத் திருமணமே. எனவே, பதினாறு வயதுப் பெண்ணின் திருமணம் ‘ஓரிரு ஆண்டுகள் முன்னதாக நடந்த திருமணம்’ ஆகாது. சட்டத்தின் பார்வையில் அதுவும் குழந்தைத் திருமணமே ஆகும். ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் பொதுவாக 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே குறிப்பிடுகிறது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் சிறுமியர் 18 வயதுக்கு முன் மணம் முடிக்கப்படுவதாக யுனிசெப் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களுள் 18 வயதுக்கு முன்பே மணமானோர் 2005-06இல் 47.4 விழுக்காட்டினர், 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இது 23.3 விழுக்காடாகக் குறைந்துள்ளது. தமிழ்நாட்டில் இது ஏறத்தாழ 13 விழுக்காடு. நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டால் இது ஆறுதல் தருவதே. எனினும், எட்டுப் பெண்களுள் ஒருவர் என்று எண்ணிப் பார்த்தால் அவ்வாறுதல் நிலைப்பதில்லை. ஒரு வகுப்பறையில் நாற்பது மாணவியர் இருப்பின், அவர்களுள் ஐவரின் இருக்கைகளை இவ்விழுக்காடு குறிக்கிறது.

உடலும் உள்ளமும் கல்வியும்

வளரிளம் பருவத்தில் பெண்ணின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடுப்பெலும்பு முழு வளர்ச்சியை எட்டுவதற்கு முன் ஏற்படும் மகப்பேறு, தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் இடர் விளைவிக்கக்கூடும். இரத்தச்சோகை, பேறுகால உயர் இரத்த அழுத்தம், நீடித்த பேற்றுவலி ஆகியவை இளம்வயதுத் தாய்மாரை மிகுதியாகத் தாக்குகின்றன. தன் வளர்ச்சிக்கே போதிய ஊட்டம் பெறாத உடல், மற்றோர் உயிரையும் தாங்க நேர்கிறது. அத்தகைய தாயருக்குப் பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

உள்ளத்திற்கு நேரும் இழப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தோழியரோடு பேசி மகிழும் வயதில், புதியதோர் இல்லத்தின் பொறுப்புகளை ஒரு சிறுமி சுமக்கிறாள். கணவனைவிட வயதிலும் கல்வியிலும் வருவாயிலும் குறைந்தவளாக நிற்கும் அவளால் எந்த முடிவிலும் தன் கருத்தைக் கூற இயல்வதில்லை. இல்லத்தில் துன்புறுத்தப்பட்டாலும் வெளியேறுவதற்குரிய படிப்போ பணமோ அவளிடம் இல்லை.

கல்வி இடையில் அறுபடுவதே இவையனைத்தையும் நீடிக்கச் செய்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற பெண், கூலி குறைந்த பணிகளிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்கிறது. அவளுடைய வறுமை அவள் மகளையும் தொடர்கிறது. வறுமையால் மணம் முடிக்கப்பட்டவளின் மகளும் அதே வறுமையால் மணம் முடிக்கப்படுகிறாள். ஆண்பிள்ளைகளும் இத்தீங்கிற்கு விலக்கல்லர். படிப்பை விட்டுவிட்டுக் குடும்பச் சுமையை ஏற்கும் இளைஞனின் எதிர்காலமும் அங்கேயே சுருங்கிவிடுகிறது.

பெற்றோர் ஏன் இணங்குகின்றனர்?

தம் மகளுக்குத் தீங்கு விளைய வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் எண்ணுவதில்லை. அவர்களை இம்முடிவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் அச்சமே. திருவண்ணாமலை மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து கட்டடப் பணிக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் குடும்பங்கள் பல. வயதுக்கு வந்த மகளை யார் பாதுகாப்பில் விட்டுச்செல்வது என்னும் கவலை அப்பெற்றோரை வாட்டுகிறது. நாள் செல்லச்செல்ல வரதட்சணை கூடும் என்ற கணக்கும், சொத்து உறவுக்குள்ளேயே நிலைக்க வேண்டும் என்னும் எண்ணமும், பெண் தானே ஒருவரை விரும்பிவிடுவாளோ என்ற பதற்றமும் அக்கவலையோடு சேர்ந்துகொள்கின்றன. பாட்டி தன் கண் மூடுமுன் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க விரும்புகிறாள் என்னும் சொல்லுக்கும் பல வீடுகள் பணிந்துவிடுகின்றன.

இக்காரணங்களைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. அச்சத்தால் விளையும் ஒரு செயலைத் தண்டனையால் மட்டும் முழுமையாகத் தடுத்துவிட இயலாது. அச்சத்தின் காரணத்தையும் அகற்ற வேண்டும்.

எதிர்த்து எழுந்த குரல்கள்

பழந்தமிழ் நூல்களிலும் இளவயது மணம் இடம்பெற்றுள்ளது. சிலப்பதிகாரத்தில் மணநாளன்று கண்ணகிக்கு வயது பன்னிரண்டு; கோவலனுக்குப் பதினாறு. பாரதியார் பதினைந்து வயது நிறையாத நிலையில் ஏழு வயதுச் செல்லம்மாளை மணந்தார். காந்தியடிகள் பதின்மூன்று வயதில் மணமானவர். இவ்விருவரும் பின்னாளில் அவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரு வழக்கம் பழமையானது என்பது அது தொடர வேண்டும் என்பதற்குச் சான்றாகாது என்பதனை அவ்வழக்கத்திற்கு ஆளானவர்களே உணர்த்தினர்.

பதினொரு வயதில் மணம் முடிக்கப்பட்ட இரக்மாபாய், வளர்ந்தபின் கணவரோடு வாழ மறுத்தார். 1884இல் கணவர் மும்பை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அறியா வயதில் தம் இசைவின்றி நடந்த திருமணத்திற்குத் தம்மைக் கட்டுப்படுத்த இயலாது என்பது இரக்மாபாயின் வாதம். கணவரோடு வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்று 1887இல் தீர்ப்பு வந்தபோது, சிறை செல்லவும் அவர் அணியமானார். 1888இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, சூரத்திலும் இராசகோட்டிலும் நெடுங்காலம் மருத்துவராகப் பணியாற்றினார். சிறைக்கு அனுப்பப்பட இருந்த பெண், எண்ணற்ற தாய்மாருக்கு மருத்துவம் செய்தார்.

தமிழகத்தின் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. இதழாளர் ஜி. சுப்பிரமணிய ஐயர், இளம்வயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்துச் சுற்றத்தாரின் புறக்கணிப்பைத் தாங்கினார். அ. மாதவையா 1903இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’ என்னும் புதினம் குழந்தைத் திருமணத்தின் கொடுமையைக் கதைப்பொருளாக்கியது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது.

தெரிந்து தெளிவோம்

சகோதரி சுப்புலட்சுமி (1886-1969) பதினொரு வயதில் மணமாகிச் சிறிது காலத்திலேயே கணவரை இழந்தார். பெற்றோர் அவரை மூலையில் அமர்த்தாமல் படிக்கவைத்தனர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப்போல் இளமையில் கைம்பெண்களான சிறுமியர் தங்கிப் பயில்வதற்கு இல்லம் அமைத்தார். அவ்வில்லம் பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் அவுஸ் கட்டடத்தில் இயங்கியது. அங்குப் பயின்றோர் பலர் ஆசிரியர்களாயினர்.

சட்டம் பிறந்த வழி

1891இல் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் நிறைவேறியது. கல்கத்தாவில் மணமான ஒரு சிறுமி உயிரிழந்த நிகழ்வு அதற்கு உடனடித் தூண்டுதலாயிற்று. அச்சட்டத்தை எதிர்த்தோருள் பாலகங்காதர திலகரும் ஒருவர். நம் சமூகத்தை நாமே திருத்திக்கொள்ள வேண்டும். அயலார் அரசு அதில் தலையிடலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

அடுத்த தலைமுறையில் நம்மவரே சட்டம் கோரினர். சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவராக விளங்கிய மருத்துவர் முத்துலட்சுமி, மணவயதை உயர்த்தக் கோரும் தீர்மானத்தை 1928இல் கொண்டுவந்தார். மத்திய சட்டமன்றத்தில் அரபிலாசு சாரதா முன்மொழிந்த குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சாரதா சட்டம் என வழங்கப்பெறும் அது, பெண்ணின் மணவயதை 14 எனவும் ஆணின் மணவயதை 18 எனவும் வகுத்தது. பெண்ணின் மணவயது 1949இல் 15 ஆயிற்று. 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்ந்தது.

ஏட்டில் நின்ற சட்டம்

சாரதா சட்டம் நிறைவேறிய நாளுக்கும் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே ஆறு திங்கள் இடைவெளி இருந்தது. தடை வருமுன் முடித்துவிட வேண்டும் என்னும் விரைவில் நாடெங்கும் குழந்தைகளுக்கு மணம் முடித்தனர். அடுத்து வந்த 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறுவயது மனைவியரின் எண்ணிக்கை முந்தைய கணக்கைவிட உயர்ந்திருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின்பும், அது செல்லாத பகுதிகளுக்குச் சென்று சிலர் திருமணம் நடத்தினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி அதற்கு ஏற்ற இடமாயிற்று.

சட்டத்தினுள்ளேயும் ஓட்டைகள் இருந்தன. காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்க இயலாது. எவரேனும் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். முறையிடுபவரிடமே 100 ரூபாய்வரை பிணை கேட்கப்பட்டது. நடக்கவிருக்கும் திருமணத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தொடக்கத்தில் நீதிமன்றத்திற்கும் இல்லை. 1938இல்தான் அது வழங்கப்பெற்றது. நடந்து முடிந்த திருமணமோ செல்லுபடியானதாகவே இருந்தது. அண்டைவீட்டாரின் பகையைத் தேடிக்கொண்டு, பணத்தையும் கட்டி, நடந்து முடிந்ததொன்றைப் பற்றி முறையிட யார் முன்வருவார்? எனவே, அச்சட்டம் பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது.

இன்றைய சட்டம்

இக்குறைகளைக் களையும் நோக்கத்துடன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 இயற்றப்பட்டது. 2007 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இக்குற்றம் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கது. பிணையில் விட இயலாதது. குழந்தையை மணக்கும் 18 வயது கடந்த ஆண், திருமணத்தை நடத்திவைப்போர், ஏற்பாடு செய்வோர், தடுக்கத் தவறும் பெற்றோர் ஆகியோருக்கு ஈராண்டுவரை கடுங்காவலோ, ஓர் இலட்சம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெண்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்க இச்சட்டம் இடந்தரவில்லை.

நடக்கவிருக்கும் திருமணத்திற்கு நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அதனை மீறி நடைபெறும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மற்ற குழந்தைத் திருமணங்களைப் பொறுத்தவரை, அதற்கு ஆட்பட்ட பெண் 18 வயது நிறைந்தபின் ஈராண்டுகளுக்குள் நீதிமன்றத்தை அணுகி அதனைச் செல்லாததாக்கக் கோரலாம். அவ்வாறு செல்லாததாக்கப்பட்டாலும் அவளுக்கு வாழ்க்கைப்படியும் அவள் குழந்தைகளுக்குச் சட்டமுறை உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகச் செயல்படுகிறார்.

தடைசெய்வது முறையா?

இச்சட்டத்தை எதிர்ப்போரின் வாதங்களையும் எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை. திருமணம் குடும்பத்தின் உரிமை. அதில் அரசுக்கு என்ன வேலை என்பது முதல் வாதம். குடும்பத்தின் உரிமை என்பது அக்குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரின் உரிமையும் சேர்ந்ததே. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமையற்ற ஒருவரின் சார்பில் பேசுவதற்காகவே சட்டம் இருக்கிறது.

தண்டனைக்கு அஞ்சித் திருமணங்கள் மறைவாக நடக்கும் என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. மறைவாக மணமான சிறுமி, கருவுற்ற நிலையிலும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கக்கூடும். ஆயினும், தடையை நீக்கினால் இத்துன்பம் குறையாது, துன்பமே வழக்கமாகிவிடும். தண்டிப்பதற்கு முன் தடுக்கும் வழிகளை வலுப்படுத்துவதே இதற்குத் தீர்வு. உச்சநீதிமன்றமும் 2024 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில் தடுப்புப் பணிக்கே முதன்மை தந்து வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

எல்லாக் குழந்தைத் திருமணங்களையும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என அறிவித்துவிடலாமே என்பது மூன்றாவது கருத்து. கர்நாடக மாநிலம் அவ்வாறே தன் சட்டத்தைத் திருத்தியுள்ளது. சட்டம் அப்போதுதான் முழு வலிமை பெறும் என்கின்றனர் அதனை ஆதரிப்போர். ஏற்கெனவே மணமாகிக் குழந்தையோடு வாழும் பெண் ஒரே நாளில் மனைவி என்னும் உரிமையை இழந்து நிற்பாளே என்கின்றனர் மறுப்போர். முடிவை அப்பெண்ணிடமே விட்டுவைத்திருக்கிறது நடுவணரசின் சட்டம். பெண்ணின் மணவயதையும் 21ஆக உயர்த்தும் சட்டமுன்வரைவு 2021 திசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமலேயே காலாவதியாயிற்று. வயதை உயர்த்துவது முதல் தேவையா, இருக்கும் சட்டத்தை ஊர்தோறும் நிறைவேற்றுவது முதல் தேவையா என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது.

இவ்வாதங்களிடையே ஒன்று தெளிவாகிறது. குழந்தைத் திருமணத்திற்குச் சட்டத்தடை கட்டாயம் வேண்டும். அத்தடை உயிர்பெறுவது, திருமணத்திற்கு முன்பே யாரேனும் ஒருவர் வாய்திறக்கும்போதுதான்.

வாய்திறக்க வேண்டியவர் யார்?

ஒரு திருமணம் பலர் கைகளைக் கடந்தே நடக்கிறது. சோதிடர் நாள் குறிக்கிறார். அச்சகத்தார் அழைப்பிதழ் அச்சிடுகிறார். மண்டப உரிமையாளர் முன்பணம் பெறுகிறார். சமையற்காரர் பட்டியல் எழுதுகிறார். அர்ச்சகர் தாலி எடுத்துத் தருகிறார். இவர்களுள் எவர் ஒருவரும் “பெண்ணுக்கு வயது என்ன?” என்று கேட்கலாம். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் திருமணம் நடத்த வயதுச் சான்று கேட்கப்படுவது இதன்பொருட்டே. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில், பலர் அறிய நடக்கும் விழாவுக்கு முன் கேட்கப்படும் அவ்வொரு வினா, காவல் நிலையத்தில் பின்னர்ப் பதியப்படும் வழக்கைவிடப் பயனுடையது.

அறிந்தவர் எவரும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலோ, 181 என்னும் பெண்கள் உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம். பல வேளைகளில் இச்செய்தியை முதலில் அறிபவர்கள் உடன்பயிலும் மாணவரே. நிச்சயதார்த்தம் நடந்ததைத் தோழியிடமே ஒரு சிறுமி முதலில் கூறுகிறாள். ‘பிறர் வீட்டு விவகாரம்’ என்று அத்தோழி வாளாவிருந்தால், சட்டம் அவ்வீட்டின் வாயிலிலேயே நின்றுவிடும். ஆசிரியரிடம் அவள் கூறும் இரண்டு சொற்கள் சட்டத்தை உள்ளே அழைத்துச்செல்லும்.

திருமணம் நின்றுவிட்டதால் மட்டும் பணி முடிந்துவிடாது. பெற்றோரின் அச்சம் அப்படியே இருந்தால் அடுத்த முகூர்த்தத்திற்கு அவர்கள் வேற்றூர் தேடுவர். அருகில் பள்ளி, பாதுகாப்பான பேருந்து, தங்கிப் பயில விடுதி, மேற்படிப்புக்கு உதவி ஆகியவை கிடைக்கும்போதே அவ்வச்சம் தணியும். ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், இதன்பொருட்டே கல்வித்தகுதியையும் 18 வயது நிறைவையும் வலியுறுத்தியது. 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாற்றம் பெற்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. தாலிக்குத் தரப்பட்ட உதவி கல்விக்குத் தரப்படும் உதவியாக மாறியது, காலம் செல்லும் திசையைக் காட்டுகிறது.

மலையுச்சியில் தீபம் எரியும் அந்நாளில், பாதி ஆணும் பாதி பெண்ணுமாய்த் தோன்றும் வடிவத்தைக் கண்டு மக்கள் கைகூப்புகின்றனர். சரிபாதியாக நிற்க வேண்டுமெனில் இருவரும் வளர்ந்து நிமிர்ந்தவராக இருத்தல் வேண்டும். அவ்வளர்ச்சிக்குரிய ஆண்டுகளை ஒரு பெண்ணுக்கு மீட்டுத் தருவதே இச்சட்டத்தின் நோக்கம். வகுப்பறையில் அவளுடைய இருக்கை வெறுமையாகாமல் காப்பது, அவளருகே அமர்ந்திருப்பவரின் கடமையுமாகும்.

கற்பவை கற்றபின்…

1. சாரதா சட்டத்திற்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. ‘பெண்ணின் மணவயதை 21ஆக உயர்த்த வேண்டும்’ என்னும் தலைப்பில் ஆதரித்தும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. உடன்பயிலும் மாணவி ஒருவருக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாக அறிந்தால் நீங்கள் மேற்கொள்ளும் நடவடிக்கைகளை வரிசைப்படுத்தி எழுதுக.